முதல் ஜே.ஆர்.பி.ஜி.யைக் கடைசிவரை முடிப்பது எப்படி? மலையக வீடுகளில் இருந்து விளையாடுவோருக்கு முழுமையான வழிகாட்டி

ஜே.ஆர்.பி.ஜி. என்றால் ஜப்பானிய ஆர்.பி.ஜி., அதாவது பாத்திரங்களை வளர்த்துக்கொண்டே நீண்ட கதையை நடத்திச் செல்லும் கேம். இவற்றைத் தொடங்குகிறவர்கள் நிறையப் பேர், முடிக்கிறவர்கள் கொஞ்சப் பேர். விட்டுவிட்டுப் போகும் இடங்கள் மூன்றுதான்: முதல் பெரிய பாஸ் (பலமான தலைமை எதிரி), அழிந்துபோன சேவ் (விளையாடியதன் பதிவு), ஓ.எல். பரீட்சைக்காக ஒதுக்கிவைத்து இரண்டு மாதம் கழித்துத் திரும்பிவரும் நாள். கைவேகம் போதாமல் இந்தக் கேம்களை யாரும் விடுவதில்லை. எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்ற ஒழுங்கு தெரியாமல்தான் விடுகிறார்கள்.

கீழே உள்ளது அந்த ஒழுங்கு. உதாரணங்களுக்குப் பெரும்பாலும் ஃபைனல் ஃபேன்டஸி 10ஐ எடுத்திருக்கிறேன். புதியவர்கள் தடுக்கி விழும் இடங்கள் அந்த ஒரே கேமில் வரிசையாக இருக்கின்றன. சில பாஸ்களின் பெயர்கள் வரும். கதையை எங்கும் சொல்லவில்லை.

1. தொடங்கும் முன் கையில் இருக்கவேண்டியவை

கருவி ஒன்று. 4 ஜி.பி. ரேம் உள்ள ஆண்ட்ராய்ட் ஃபோன், அல்லது ஏழெட்டு வருடப் பழைய லெப்டொப், அல்லது பாவித்த பி.எஸ்.பி. (சோனியின் கையடக்கக் கேம் கருவி). இவற்றில் எது வீட்டில் இருக்கிறதோ அதுவே போதும். புதிய கன்சோல் வாங்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

80 பக்கக் கொப்பி ஒன்றும் பேனாவும். ஃபோனிலேயே குறித்துவைக்கலாமே என்று தோன்றும். கேம் ஃபோனில் ஓடும்போது நடுவில் வேறு ஆப்புக்கு மாறினால், ரேம் குறைந்த ஃபோன்கள் கேமை மூடிவிடும். கடைசிச் சேவிலிருந்து மறுபடி நடக்கவேண்டி வரும்.

வயர் உள்ள இயர்ஃபோன். லயன் வீடுகளில் இரண்டு காம்பராவுக்கு ஒரே சுவர். விடிந்ததும் பெரட்டுக்குப் போகிறவர்கள் அந்தப் பக்கம் தூங்கும்போது ஒரே சண்டை இசையை இரண்டு மணி நேரம் கேட்கவைப்பது நியாயமில்லை.

பாவித்த பி.எஸ்.பி. வாங்குவதென்றால் காசு கொடுக்கும் முன் சிலவற்றைப் பாருங்கள். பின்பக்க மூடி மேலெழும்பியிருந்தால் பெட்டரி வீங்கியிருக்கிறது. அதை மாற்றியே ஆகவேண்டும். அனலொக் குமிழிலிருந்து விரலை எடுத்ததும் பாத்திரம் தானாக நடந்தால் குமிழ் தேய்ந்துவிட்டது. யூ.எம்.டி. டிஸ்க் ஒன்றைப் போட்டு 10 நிமிடம் ஓடவிடுங்கள். மெமரி கார்டை முழுதாக நிரப்பி, அந்த ஃபைல்களைத் திரும்பக் கணினிக்கு எடுத்துத் திறந்து பாருங்கள். போலிக் கார்ட்கள் 32 ஜி.பி. என்று காட்டிக்கொண்டு, உண்மையான கொள்ளளவுக்கு மேல் எழுதியதை எல்லாம் கெடுத்துவிடும். ஈ1000 மொடல் என்றால் வைஃபை கிடையாது என்பதையும் தெரிந்தே வாங்குங்கள்.

மொத்தமாகக் கேம் நிரப்பித் தரும் கார்ட்களில் நீண்ட கேம் எதையும் தொடங்க வேண்டாம். ஃபைல் கெட்டிருந்தால் முதல் மணி நேரத்தில் தெரியாது. 25ஆவது மணி நேரத்தில் ஒரு காட்சியில் திரை உறையும், அதைத் தாண்ட வழியே இருக்காது. காசு கொடுத்து வாங்கிய கேமில்தான் முடிவைப் பார்க்கும் உத்தரவாதம் உண்டு.

2. முதல் கேமைத் தெரிவு செய்தல்

ஃபோன் என்றால் குரோனோ ட்ரிகர். எதிரிகள் பெரும்பாலும் திரையிலேயே தெரிவார்கள், 20 முதல் 25 மணி நேரத்தில் முடிந்துவிடும், சலிக்கும் அளவுக்கு எந்த இடமும் நீளாது. லெப்டொப் என்றால் ஃபைனல் ஃபேன்டஸி 10 அல்லது பெர்சோனா 4 கோல்டன். முன்னதில் அடுத்து யார் அடிப்பார்கள் என்ற வரிசை சண்டை முழுக்கத் திரையின் ஓரத்தில் தெரியும். யோசித்து விளையாடப் பழக இதைவிட நல்ல கேம் இல்லை என்பது என் கருத்து. பி.எஸ்.பி. என்றால் பெர்சோனா 3 போர்ட்டபிள். உங்கள் அணியில் எல்லோருக்கும் நீங்களே கட்டளை கொடுக்கலாம்.

முதல் கேமாக எடுக்கக்கூடாதவையும் உண்டு. பெர்சோனா 5 ரோயல் அருமையான கேம், ஆனால் 100 மணி நேரம் கேட்கும். இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ விளையாடுங்கள். தினமும் லொக்-இன் கேட்கும் இலவச காச்சா கேம்கள் (குலுக்கல் முறையில் பாத்திரம் தருபவை) இந்தப் பழக்கத்துக்கே எதிரானவை. அவற்றுக்கு முடிவு கிடையாது, சிக்னல் இல்லாத நாளில் திறக்கவும் முடியாது.

ஸ்டீம் என்ற ஒன்லைன் கேம் கடையில் வாங்கினால் ஒரு கணக்கை நினைவில் வையுங்கள். வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால்தான் காசு திரும்பக் கிடைக்கும். இந்த வகைக் கேம்களில் முன்கதையே 2 மணி நேரம் போகும். ஆகவே முதல் ஒரு மணி நேரத்தில் கதையை ரசிப்பதோடு லெப்டொப் தாங்குகிறதா என்றும் பாருங்கள்: சண்டையில் மந்திரம் போடும்போது திக்குகிறதா, விசிறி அலறுகிறதா, எழுத்து வாசிக்க முடிகிறதா?

ஜூன் கடைசியிலும் டிசம்பர் கடைசியிலும் ஸ்டீமில் பெரிய தள்ளுபடிகள் வரும். பழைய ஜே.ஆர்.பி.ஜி.கள் பாதி விலைக்கும் கீழே இறங்குவது வழக்கம். விலை டொலரில் காட்டும். உங்கள் வங்கி கார்டில் வெளிநாட்டு ஒன்லைன் கொடுப்பனவு திறந்திருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுவையுங்கள்.

டிராகன் குவெஸ்ட் 11 எஸ் கேமின் இலவச டெமோ கிட்டத்தட்ட 10 மணி நேரம் ஓடும், அந்தச் சேவை முழுக் கேமுக்கும் கொண்டுபோகலாம். இந்த வகை உங்களுக்குப் பிடிக்குமா என்றே தெரியாதவர்கள் அதில் தொடங்கலாம்.

3. இறக்குதல்

பெர்சோனா 4 கோல்டன் 14 ஜி.பி. இடம் கேட்கும். ஃபைனல் ஃபேன்டஸி 10 அதைவிடப் பெரிது. பகல் டேட்டாவில் இவற்றைத் தொடக்கூடாது. இரவு டேட்டா தனியாக வரும் பெக்கேஜ் என்றால், எந்த நேரத்திலிருந்து எந்த நேரம்வரை என்று பார்த்து, அந்த நேரத்துக்குள் மட்டும் இறக்குங்கள். கைப்பட நிறுத்த மறந்து தூங்கிப்போனால் மாத டேட்டா காலைக்குள் தீரும்.

பள்ளத்தில் இருக்கும் லயன்களில் சிக்னல் ஒரு ஜன்னலில் மட்டும் கிடைக்கும். ஃபோனையோ ரவுட்டரையோ அந்த ஜன்னலில் வைத்துவிட்டு லெப்டொப்பைத் தள்ளி வையுங்கள். வைஃபை ஒரு சுவரைத் தாண்டும், டவர் சிக்னல் மலையைத் தாண்டாது.

டவுனில் ஃபைபர் உள்ள நண்பர் அதே கேமை ஸ்டீமில் வைத்திருந்தால், இரண்டு லெப்டொப்பையும் ஒரே வைஃபையில் இணைத்து நேரடியாக மாற்றிக்கொள்ளலாம். 2023இலிருந்து ஸ்டீமிலேயே அந்த வசதி உண்டு. கேம் உங்கள் கணக்கிலும் வாங்கப்பட்டிருக்க வேண்டும்; மிச்சமாவது டேட்டா மட்டும்.

இறக்கி முடிந்ததும் இன்டர்நெட் இருக்கும்போதே கேமை ஒருமுறை திறந்து மூடுங்கள். பிறகு இன்டர்நெட்டைத் துண்டித்து, ஓஃப்லைன் மோடில் மறுபடி திறந்து பாருங்கள். ஃபோனில் ஏரோப்ளேன் மோடில் அதையே செய்யுங்கள். இந்தச் சோதனையைச் செய்யாதவர்களுக்குத்தான் டவர் விழுந்த மழை இரவில் கேம் திறக்காது.

4. கரண்ட், இடி, ஈரம்

டெஸ்க்டொப்பிலோ பி.எஸ்.2இலோ விளையாடுகிறவர்களுக்கு ஒரு சிறிய யூ.பி.எஸ். வேண்டும். அது விளையாட்டைத் தொடர்வதற்காக அல்ல. சில நிமிடத்தில் சேவ் இடத்துக்குப் போய் அணைப்பதற்காக. சேவ் எழுதிக்கொண்டிருக்கும் நொடியில் கரண்ட் போனால் அந்தச் சேவ் மட்டுமல்ல, சில வேளை முழு மெமரி கார்டும் வாசிக்க முடியாமல் போகும்.

மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடி வழக்கம். முதல் முழக்கம் கேட்டதும் சேவ் செய்து பிளக்கைக் கழற்றுங்கள். சுவிட்சை மட்டும் அணைப்பது போதாது. டிஷ் கேபிளையும் கழற்றவேண்டும். மின்னல் அந்த வழியாகவும் டிவிக்கு வந்து, அங்கிருந்து எச்.டி.எம்.ஐ. வயர் வழியாகக் கன்சோலைத் தொடும்.

ஹட்டன், மஸ்கெலியா, நோர்வூட் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை சுவரே வியர்க்கும். பதுளை, பசறைப் பக்கம் டிசம்பர் முதல் பெப்ரவரி வரை. டிஸ்க்குகளையும் பாவிக்காத கருவியையும் இறுக மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். குளிருக்காக லெப்டொப்பை அடுப்படிக்குக் கொண்டுபோகவே வேண்டாம். விறகுப் புகையின் கரி விசிறியில் எண்ணெய்ப் பசையோடு ஒட்டும், பிறகு சூடேறிச் சண்டைக்கு நடுவில் அணைந்துபோகும்.

5. முதல் இரண்டு மணி நேரம்

செட்டிங்ஸிலிருந்து தொடங்குங்கள். எழுத்து ஓடும் வேகத்தைக் குறையுங்கள், சப்டைட்டிலைப் போடுங்கள். சண்டை முறை வெயிட், அக்டிவ் என்று இரண்டாக இருந்தால் வெயிட்டைத் தெரிவு செய்யுங்கள். அதில் மெனுவுக்குள் தேடும்போது எதிரி காத்திருப்பான், நிதானமாக வாசிக்கலாம்.

பயிற்சிப் பெட்டிகளை அழுத்தித் தள்ளிவிடுவதுதான் புதியவர்கள் செய்யும் முதல் பிழை. ஒவ்வொரு கேமும் அதன் தனி விதியை ஒரே ஒருமுறைதான் சொல்லும். அந்த இரண்டு வரியைக் கொப்பியில் எழுதுங்கள்.

மந்திரப் பெயர்களை இப்போதே பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. ஃபைனல் ஃபேன்டஸியில் ஃபயர், ஃபைரா, ஃபைராகா என்று வால் நீள நீளப் பலம் கூடும். மற்ற மந்திரங்களும் அப்படியே. பெர்சோனாவில் அகி நெருப்பு, புஃபு பனி, ஜியோ மின்னல், காரு காற்று. முன்னால் ‘மா’ சேர்ந்தால் எதிரிகள் எல்லோர்மேலும் விழும், பின்னால் ‘டைன்’ சேர்ந்தால் பலமான வகை. டாருகாஜா தாக்குதலைக் கூட்டும், ராகுகாஜா காப்பைக் கூட்டும், சுகுகாஜா அடி குறிதவறாமல் படும் வாய்ப்பையும் எதிரி அடியிலிருந்து தப்பும் வாய்ப்பையும் கூட்டும். ‘காஜா’ இருக்கும் இடத்தில் ‘ண்டா’ வந்தால் எதிரிக்கு அதையே குறைக்கும். இந்தப் பட்டியல் கொப்பியின் உள்ளட்டையில் இருக்கட்டும்.

6. சேவ் ஒழுங்கு

சேவ் பட்டியலில் மூன்று இடங்களை (ஸ்லொட்களை) சுழற்சியாகப் பாவியுங்கள். இன்று முதல் இடம், நாளை இரண்டாவது, அடுத்து மூன்றாவது, மறுபடி முதல். நான்காவதில் ஊருக்குள் இருக்கும்போது மட்டும் சேவ் செய்யுங்கள்.

காரணம் பொறிதான். ஃபைனல் ஃபேன்டஸி டாக்டிக்ஸின் பி.எஸ்.பி. பதிப்பில் ரியோவானெஸ் கோட்டைக்குள் நுழைந்தால் சண்டைகள் தொடர்ச்சியாக வரும். நடுவில் சேவ் செய்யக் கேட்கும், ஆனால் வெளியே போய்ப் பயிற்சி எடுக்க விடாது. அங்கே நாயகன் ராம்சா தனியாளாக ஒரு சண்டை போடவேண்டும். ஒரே இடத்தில் சேவ் செய்தவர், ராம்சா பலவீனமாக இருந்தால், கேமை முதலிலிருந்து தொடங்கவேண்டியதுதான். ஊருக்குள் எடுத்த நான்காவது சேவ் இருந்தால் ஒன்றிரண்டு மணி நேரம் மட்டுமே நட்டம்.

பி.எஸ்.பி.யின் ஸ்லீப் மோடைச் சேவ் என்று எண்ணாதீர்கள். பெட்டரி முற்றாக இறங்கினால் அதுவும் போகும். வாரம் ஒருமுறை மெமரி கார்டில் பி.எஸ்.பி. என்ற ஃபோல்டருக்குள் இருக்கும் சேவ்டேட்டா ஃபோல்டரைக் கணினிக்கோ ஃபோனுக்கோ பிரதி எடுங்கள். ஃபோனில் கேம் இருந்தால், இடம் போதவில்லை என்று அதை அன்இன்ஸ்டால் செய்வதும் ‘கிளியர் டேட்டா’ அழுத்துவதும் சேவை அழித்துவிடும். வேறு எதையாவது நீக்குங்கள்.

தோற்றால் என்ன ஆகும் என்பதும் கேமுக்குக் கேம் வேறு. ஃபைனல் ஃபேன்டஸியில் பெரும்பாலும் கடைசிச் சேவுக்கே திரும்புவீர்கள். டிராகன் குவெஸ்ட்டில் பெற்ற அனுபவப் புள்ளிகள் அப்படியே இருக்கும், கையில் உள்ள தங்கம் பாதியாகும். அதனால் அதில் குகைக்குள் இறங்கும் முன் தங்கத்தை வங்கியில் போடுங்கள். ஆயிரம் ஆயிரமாக வாங்கிக்கொள்ளும்.

7. கொப்பியில் என்ன எழுதுவது

நீளமாக எழுதத் தேவையில்லை. விளையாடி முடிக்கும் ஒவ்வொரு தடவையும் நான்கு வரி: இப்போது நிற்கும் ஊர், அடுத்துப் போகவேண்டிய இடமும் அதைச் சொன்ன ஆளும், திறக்க முடியாமல் விட்ட கதவு அல்லது பெட்டி, எந்தச் சேவ் இடம். பின்பக்கத்திலிருந்து பாஸ்களுக்குத் தனிப் பக்கம் ஒதுக்குங்கள். இதன் பயன் ஒன்பதாம் படியில் தெரியும்.

8. சாதாரணச் சண்டை: பழக்கம் இங்கேதான் உருவாகும்

எல்லோரையும் ‘அட்டாக்’ அழுத்தவைத்து முன்னேறுவது முதல் பத்து மணி நேரம் வேலைசெய்யும். அதுதான் ஆபத்து. பிறகு வரும் பாஸ், நீங்கள் பழகாத எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கேட்பான்.

ஃபைனல் ஃபேன்டஸி 10இல் ஒவ்வொரு எதிரி வகைக்கும் ஒரு ஆள் உண்டு. வேகமாக ஓடும் ஓநாய் வகைகளுக்கு டீடஸ், பறப்பவற்றுக்கு வக்கா, தடித்த ஓடு உள்ளவற்றுக்கு ஓரன், கூழ் போல நெளியும் ஃப்ளான்களுக்கு லூலுவின் மந்திரம். எல்1 பட்டனை அழுத்தினால் ஆள் மாறுவார், முறை (உங்கள் பக்கம் அடிக்கும் தருணம்) வீணாகாது, வந்தவர் உடனே அடிக்கலாம். நெருப்பும் பனியும் எதிர், மின்னலும் நீரும் எதிர். பனி உடம்பு என்றால் நெருப்பு போடுங்கள்.

இந்தக் கேமில் சண்டையில் ஒருமுறையாவது ஏதாவது செய்தவருக்கு மட்டுமே ஏ.பி. (வளர்ச்சிப் புள்ளி) சேரும். பிடித்த மூன்று பேரை மட்டும் அடிக்கவிடுகிறவர்கள், கதை வேறு ஆள்களைக் கேட்கும் இடத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். ஆகவே ஒவ்வொரு சண்டையிலும் கடைசி எதிரியைக் கொல்லும் முன் மற்றவர்களை ஒவ்வொருவராக உள்ளே எடுத்து ஒரு முறை காப்பு நிலை எடுக்கவையுங்கள். ஒரு சண்டைக்கு அரை நிமிடம் கூடும், பிறகு ஏழு பேரும் சேர்ந்தே வளர்வார்கள்.

பெர்சோனாவில் பலவீனத்தில் அடித்தால் எதிரி கீழே விழுவான், உங்களுக்கு இன்னொரு முறை கிடைக்கும். எல்லோரையும் விழுத்தினால் மொத்தமாகப் பாயலாம். புது எதிரியைப் பார்த்த முதல் சண்டையில் நான்கு மூலகத்தையும் ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். எஸ்.பி. (மந்திரம் போடும் சக்தி) செலவாகிறதே என்று சோதிக்காமல் விட்டால் அந்தத் தளம் முழுக்க அதைவிடக் கூடுதலாகச் செலவாகும்.

9. பாஸ் சண்டை

முதல் முயற்சியை ஜெயிப்பதற்காக விளையாடாதீர்கள். உளவு பார்க்க விளையாடுங்கள். சேவ் செய்து, அரிய பொருள் எதையும் செலவழிக்காமல் உள்ளே போய், பாஸ் எதை எந்த வரிசையில் செய்கிறான் என்று கொப்பியின் பின்பக்கத்தில் எழுதுங்கள். தோற்றால் பிரச்சினையில்லை.

பிறகு, எப்படித் தோற்றீர்கள் என்று பிரித்துப் பாருங்கள். இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள்.

ஹெச்.பி. (உயிர்ப் புள்ளி) முழுதாக இருக்கும்போதே இரண்டு முறையில் எல்லோரும் விழுந்தால், லெவலோ கவசமோ போதவில்லை.

கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து, குணப்படுத்துவதிலேயே முறைகள் எல்லாம் தீர்ந்து விழுந்தால், லெவல் போதும். வரிசைதான் பிழை. பலம் கூட்டும் மந்திரங்களை முதல் இரண்டு முறையிலேயே போட்டிருக்க வேண்டும். டீடஸின் சியர் ஐந்து தடவைவரை மேல்மேலாகச் சேரும்; ஹேஸ்ட் போட்டால் உங்கள் முறைகள் கூடும். சண்டை நெருக்கடியான பிறகு இவற்றைப் போடுவது பயனற்றது, ஏனெனில் அப்போது ஒவ்வொரு முறையும் மருந்துக்கே போகும்.

ஒரே ஒரு நிலைக்கேட்டால், அதாவது நஞ்சு, தூக்கம், கல்லாதல், ஸோம்பி போன்ற ஒன்றால் அணி முழுக்க விழுந்தால், ஐந்து லெவல் கூடினாலும் மறுபடி அப்படியே விழுவீர்கள். அதற்கான மருந்தும் கவசமும்தான் தேவை.

இதற்கு நல்ல பாடம் ஃபைனல் ஃபேன்டஸி 10இல் ககஸெட் மலையில் வரும் சேமூர் ஃப்ளக்ஸ் என்ற பாஸ். ஹெச்.பி. 70,000. அவனுடைய ஈட்டி உங்கள் ஆளை ஸோம்பி ஆக்கும். அடுத்து அவன்கூட இருக்கும் துணை அந்த ஆள்மேல் ஃபுல்-லைஃப் போடும். உயிர் கொடுக்கும் மந்திரம் ஸோம்பியைக் கொல்லும், ஆள் அங்கேயே விழுவார். இதைக் கவனிக்காதவர்கள் மலையடிவாரத்தில் மணிக்கணக்காக லெவல் ஏற்றுவார்கள், திரும்பப் போய் அதே இடத்தில் விழுவார்கள். ஈட்டி பட்டதும், துணையின் முறை வரும் முன், ஹோலி வாட்டர் ஒன்று ஊற்றினால் போதும். திரை ஓரத்து வரிசையில் துணை எப்போது வருகிறது என்று தெரியும். இன்னொன்று: இவனுக்கு நஞ்சு பிடிக்கும். லூலுவின் பயோ பட்டால் ஒவ்வொரு முறையும் 1,400 இறங்கும். பாஸ்களுக்கு நஞ்சு பிடிக்காது என்று சோதிக்காமலே நம்புவது பரவலான பிழை.

அதற்குப் பிறகு ஸனர்காண்டில் யூனலெஸ்கா. மூன்று வடிவம்; 24,000, 48,000, 60,000. இரண்டாவது வடிவத்தில் எல்லோரையும் ஸோம்பி ஆக்குவாள். ககஸெட்டில் கற்றுக்கொண்டவர் உடனே எல்லோரையும் குணப்படுத்துவார். மூன்றாவது வடிவம் வந்ததும் மெகா டெத் விழும், ஸோம்பியாக இல்லாதவர்கள் எல்லோரும் சாவார்கள். ஆகவே ஒருவரையோ இருவரையோ வேண்டுமென்றே ஸோம்பியாக விட்டுவைக்க வேண்டும். முன்பு கொன்ற அதே நிலை இங்கே காப்பாற்றும். பாஸின் வரிசையை வாசித்துப் பதில் சொல்வதே இந்தக் கேம்களின் சுவை. இந்த இடத்தைப் புரிந்துகொண்டு ஜெயித்தவருக்குப் பிறகு எந்த ஜே.ஆர்.பி.ஜி.யும் பயம் தராது.

இந்த இரண்டு சண்டைக்கும் முன்னால் நீண்ட காட்சி உண்டு, தாண்டவும் முடியாது. கரண்ட் போகக்கூடிய நேரத்தில், அல்லது படுக்கும் நேரத்துக்குக் கால் மணி முன்னால், இவற்றைத் தொடங்காதீர்கள்.

எலிக்ஸர் போன்ற அரிய மருந்துகளைப் பிறகு தேவைப்படும் என்று சேர்த்துச் சேர்த்து, கேம் முடியும்போது 20ஐ மிச்சம் வைத்திருக்கிறவர்கள் அநேகர். உளவு பார்க்கும் முயற்சியில் தொடாதீர்கள். ஜெயிக்கப் போகும் முயற்சியில் தயங்காமல் குடியுங்கள்.

10. லெவல் ஏற்றுவது எப்போது

மேலே சொன்ன முதல் வகைத் தோல்விக்கு மட்டும். அதற்கு முன் கடையில் புதுக் கவசம் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு லெவல் தரும் பயனை ஒரு நல்ல கவசம் உடனே தரும்.

சில கேம்களில் லெவல் ஏற்றுவது கெடுதல். ஃபைனல் ஃபேன்டஸி 8இல் உங்கள் லெவலோடு எதிரிகளின் லெவலும் கூடும். ட்ரெயில்ஸ் கேம்களில் உங்கள் லெவல் எதிரியை மிஞ்சினால் கிடைக்கும் புள்ளி சுருங்கிக்கொண்டே போகும். டிராகன் குவெஸ்ட்டில் ஏற்றுவதென்றால் மெட்டல் ஸ்லைம் வரும் இடத்தில் ஏற்றுங்கள். அடி ஒன்றுக்கு ஒரு புள்ளிதான் குறையும், ஓடிவிடும், ஆனால் ஒன்றைக் கொன்றால் சாதாரண எதிரிகள் பலவற்றின் பயன் ஒரே அடியில் வரும். டிராகன் குவெஸ்ட் 8இல் வாளுக்குரிய மெட்டல் ஸ்லாஷ் இதற்கென்றே இருக்கிறது.

11. விட்டால் திரும்பக் கிடைக்காதவை

முழு வழிகாட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு விளையாடினால் கதை கெட்டுவிடும். ஒன்றும் பார்க்காமல் விளையாடினால் சில பொருள்கள் நிரந்தரமாகப் போகும். நடுவழி இது: தொடங்கும் முன், அந்தக் கேமின் பெயரோடு ‘மிஸ்ஸபிள்’ என்று தேடி, இடமும் பொருளும் மட்டும் உள்ள பட்டியலைக் கொப்பியில் எழுதுங்கள். காரணங்களை வாசிக்காதீர்கள்.

ஃபைனல் ஃபேன்டஸி 10க்கு இரண்டு வரி போதும். அல்பெட் ப்ரைமர்கள் (அல்பெட் மொழியைக் கற்றுத்தரும் புத்தகங்கள்) 26. அவற்றில் ஹோம் என்ற இடத்தில் மூன்றும் பெவெலில் ஒன்றும் உண்டு, அங்கே மறுபடி போக முடியாது. அடுத்தது, பெசைட், மகலேனியா கோயில்களில் டிஸ்ட்ரக்ஷன் ஸ்ஃபியர் வைத்துத் திறக்கும் பெட்டிகளை முதல் தடவையிலேயே எடுங்கள். ரீமாஸ்டரில் (புதுப்பித்த பதிப்பில்) பிறகு திரும்பிப் போனால் டார்க் ஏயோன்கள் வழியை மறிக்கும், அவை கேமிலேயே மிகக் கடினமான எதிரிகளில் சேரும்.

பெர்சோனா 5 ரோயல் பக்கம் போகும்போது, மருக்கி என்ற பாத்திரத்தோடு உள்ள உறவை கேமின் நாள்காட்டியில் நவம்பர் 18ஆம் திகதிக்கு முன் 9ஆம் நிலைக்குக் கொண்டுவரவேண்டும் என்று நாள்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். தவறினால் கடைசிப் பகுதி முழுவதும் திறக்காது.

எதிர்ப்பக்கப் பிழையும் உண்டு. ஃபைனல் ஃபேன்டஸி 10இல் லூகா நகரத்து ப்ளிட்ஸ்போல் போட்டியில் தோற்றால் கதை நின்றுவிடும் என்று பயந்து திரும்பத் திரும்ப ஏற்றுகிறவர்கள் நிறைய. தோற்றாலும் கதை போகும். ஒருமுறை முயன்று பாருங்கள், பிறகு நடையைக் கட்டுங்கள்.

12. இடைவெளி விட்டுத் திரும்பும்போது

பரீட்சை, வேலை, வீட்டுக் காரியம் என்று இரண்டு மாதம் போகும் என்று தெரிந்தால், குகைக்குள் நிறுத்தாதீர்கள். ஊருக்கு வந்து, மருந்து வாங்கி, நான்காவது இடத்தில் சேவ் செய்து, கொப்பியில் வழக்கமான நான்கு வரியோடு ஐந்தாவதாக ஒன்று எழுதுங்கள்: யார் எதற்குப் பயன்படுகிறார், எந்த பட்டன் எதற்கு.

திரும்பிவந்ததும் நேரே பாஸிடம் போகாதீர்கள். புதிதாகத் தொடங்கவும் வேண்டாம். புதிதாகத் தொடங்கியவர்கள் பெரும்பாலும் அதே இடத்தில் மறுபடி நிற்கிறார்கள். ஊருக்கு வெளியே பலவீனமான எதிரிகளோடு ஐந்தாறு சண்டை போட்டுப் பாருங்கள். விரல்கள் நினைவுபடுத்திக்கொள்ளும். பிறகு மெனுவைத் திறந்து ஒவ்வொருவரின் மந்திரப் பட்டியலையும் ஒருமுறை வாசியுங்கள்.

13. கடைசிச் சண்டை

கடைசி இடத்துக்குள் நுழையும் முன் எடுத்த சேவைத் தொடாமல் தனியே வையுங்கள். ஃபைனல் ஃபேன்டஸி 10இல் முடிவுக்குப் பிறகு சேவ் கிடையாது. விட்டுப்போன வேலைகளைச் செய்ய அந்தச் சேவிலிருந்துதான் தொடரவேண்டும்.

பெர்சோனா கேம்களில் நேர்மாறு. பெயர்ப் பட்டியல் முழுக்க ஓடி முடிந்த பிறகுதான் சேவ் கேட்கும், அந்தச் சேவ் இல்லாமல் நியூ கேம் பிளஸ் (சேர்த்தவற்றோடு மறுபடி தொடங்கும் வசதி) இல்லை. கடைசிப் பாஸ் விழுந்ததும் கருவியை அணைத்துவிடாதீர்கள். சண்டை, முடிவுக் காட்சிகள், பெயர்ப் பட்டியல் எல்லாம் சேர்ந்து இரண்டு மணி நேரம்கூடப் போகலாம். அன்று பெட்டரியை முழுதாக ஏற்றி, பவர் பேங்க்கையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்காருங்கள்.